பாரிஸ் போகும் பெட்டியில் எதை வைப்பது, எதை எடுப்பது?



சென்ற ஐப்பசியில் ஒரு நாள், மஃக்ரிப் தொழுகை முடிந்து மழையும் சற்று விட்டிருந்த நேரத்தில், மரக்காணத்தில் உப்புப் பாத்தி குத்தகைக்கு எடுத்துப் பிழைக்கும் பெரியவர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். "ஹஜ்ரத், பாரிஸுக்கு டிக்கெட் போட்டாச்சு. பெட்டியில் என்ன வைக்கிறதுன்னு வீட்டில் ஒரே சண்டை. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லணும்" என்றார். மார்க்கச் சட்டம் கேட்டு வருபவர்களே நம்மிடம் அதிகம். பெட்டி கட்டுவதற்கு ஆலோசனை கேட்டு வந்தவர் இவர்தான். போய்ப் பார்த்த பிறகுதான், அந்தப் பெட்டிக்குள் மார்க்கக் கேள்விகளும் நிறையவே கிடந்தது தெரிந்தது.

மரக்காணத்துக்காரர் பாரிஸ் போவதில் வியப்பில்லை. இங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு மணி நேரத்துக்குள் புதுச்சேரி. 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சுக்காரர்கள் அங்கே ஆட்சியை ஒப்படைத்தார்கள். 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியான இணைப்பு நடந்தபோது, விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள வாய்ப்பு தரப்பட்டது. பிரெஞ்சுப் படையில் இருந்த 'சொல்தா' குடும்பங்கள் பல அப்படித்தான் அந்நாட்டுக் குடிமக்கள் ஆயின. அவற்றில் முஸ்லிம் குடும்பங்களும் உண்டு. பெரியவரின் மகளைக் கட்டிக்கொடுத்திருப்பது அப்படி ஒரு குடும்பத்தில்தான். மகளுக்குத் தலைப்பிரசவம். இரண்டு மாதம் தங்கி, அப்படியே ஊரையும் சுற்றிப் பார்த்து வருவது திட்டம். உப்பளத்தில் ஐப்பசி மழை இறங்கிவிட்டால் பாத்தியெல்லாம் தண்ணீர்தான், தை பிறக்கும் வரை வேலை இல்லை. ஆகவே அவருக்குப் பயணக் காலம் குளிர்காலமாகவே அமைந்தது.

காலணியிலிருந்து தொடங்குவோம்

வீட்டுக்குப் போனால் கூடத்தில் மூன்று பெட்டிகள் திறந்து கிடந்தன. ஒன்றில் முழுக்கப் பட்டுச் சேலை. இன்னொன்றில் மசாலாப் பொட்டலங்கள். மூன்றாவதில் பெரியவருக்கு மருமகன் வாங்கி அனுப்பிய புதிய ஷூ, பெட்டி கூடப் பிரிக்காமல். "அங்கே போய்ப் போட்டுக்கலாம்னு வெச்சிருக்கேன்" என்றார்.

நாம் முதலில் சொன்னது இதைத்தான்: அதை இன்றைக்கே எடுத்துப் போடுங்கள். ஐரோப்பிய நகரத்தைச் சுற்றிப் பார்ப்பது என்றால் நடப்பதுதான். மெட்ரோ உண்டு, பேருந்து உண்டு. ஆனால் மெட்ரோ நிலையத்துக்குள்ளேயே படி ஏறி இறங்கி, நீண்ட சுரங்கப் பாதைகளில் நடந்து வண்டி மாற வேண்டும். பாரிஸின் பழைய நிலையங்கள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. அருங்காட்சியகத்துக்குள் இரண்டு மூன்று மணி நேரம் நிற்க வேண்டும். பழைய தெருக்களில் கல் பாவிய தரை வேறு. ரப்பர் செருப்போடும் வெறுங்காலோடும் வரப்பில் நடந்து பழகிய கால் எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும், இறுக்கமான புதுத் தோலுக்குள் அது குழந்தையின் கால்தான். முதல் நாளே கொப்புளம் கட்டினால் மிச்ச நாளெல்லாம் மகள் வீட்டுச் சன்னலில் இருந்துதான் பாரிஸைப் பார்க்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவருக்கு அந்தக் கொப்புளம் புண்ணாகவும் ஆகலாம். பெரியவருக்குச் சர்க்கரை இருக்கிறது. குறைந்தது மூன்று வாரமாவது தினமும் ஸுப்ஹுக்குப் பிறகு அந்த ஷூவோடு பக்கிங்காம் கால்வாய்ப் பக்கம் நடந்து வரச் சொன்னோம். ஷூ அரை அளவு தாராளமாக இருக்கட்டும், உள்ளே கம்பளிக் காலுறை போட வேண்டியிருக்கும்.

காலோடு சேர்ந்தது ஒளூ. அங்குள்ள பொதுக் கழிப்பறைகளில் கைகழுவும் தொட்டி இடுப்பு உயரத்தில் இருக்கும். அதில் காலைத் தூக்கி வைத்துக் கழுவினால் பார்ப்பவர்கள் முகம் சுளிப்பார்கள், தரை நனையும், வயதானவர் வழுக்கி விழுந்தால் கதை வேறாகிவிடும். இதற்கு நம் ஃபிக்ஹு நூல்களில் எல்லோரும் படித்து, நம் ஊர் வெயிலில் யாரும் செய்து பார்க்காத ஒரு சலுகை இருக்கிறது: தோலுறையின் மீது மஸஹ் செய்வது. முழுமையாக ஒளூ செய்து, காலைக் கழுவிய பிறகு, கணுக்காலை மூடும் தோலுறையை அணிந்துகொண்டால், அடுத்தடுத்த ஒளூக்களில் கால் கழுவத் தேவையில்லை, ஈரக்கையால் மேலே தடவினால் போதும். ஊரில் தங்கியிருப்பவருக்கு ஒரு பகல் ஓர் இரவு, முஸாஃபிருக்கு மூன்று பகல் மூன்று இரவு. அணிந்த பின் முதன்முதலாக ஒளூ முறிந்த நேரத்திலிருந்து கணக்கு. குளிப்பு கடமையானால் கழற்றத்தான் வேண்டும். மெல்லிய நைலான் காலுறை இதற்கு ஆகாது. தோலுறை ஒரு ஜோடி வாங்கிவிட்டால் ஆண்டுக்கணக்கில் வரும். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் உறவினர் இருந்தால் சொல்லி வையுங்கள். இந்த ஒரு பொருள் பயணத்தில் எத்தனை தொழுகைகளைக் காப்பாற்றும் என்பது போய் வந்தவர்களுக்குத் தெரியும்.

உடை

பட்டுச் சேலைகளில் இரண்டை விட்டு மற்றதை எடுக்கச் சொன்னோம். நவம்பர், டிசம்பரில் பாரிஸில் பகலிலேயே பத்து டிகிரியைத் தொடுவது பெரிது. பட்டு குளிருக்குத் தாங்காது, போட்டுக்கொண்டு போக அங்கே வலீமா விருந்தும் இல்லை. ஒரே ஒரு தடித்த கோட்டை நம்புவதைவிட, மெல்லியவையாக மூன்று அடுக்கு போடுவது நல்லது: உடலோடு ஒட்டிய தெர்மல், அதன் மேல் கம்பளிச் சட்டை, எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் தூறலும் நுழையாத ஜாக்கெட். கடைக்குள்ளும் மெட்ரோவிலும் வெதுவெதுப்பாக இருக்கும், அப்போது ஒவ்வொன்றாகக் கழற்றலாம். தலைக்கும் காதுக்கும் கம்பளித் தொப்பி. கைலி இரண்டு, வீட்டுக்குள் கட்ட. அதை விட்டால் நம்மவர்களுக்குத் தூக்கம் வராது.

பெண்கள் அபாயாவின் நீளத்தைக் கணுக்கால் அளவுக்குச் சரிசெய்து கொள்ள வேண்டும். தரையில் புரளும் துணி நகரும் படிக்கட்டின் பல்லில் சிக்கும். இது அழகு சம்பந்தப்பட்ட விஷயமல்ல, ஆபத்து. உள்ளே தடித்த கால்சராய். மக்கனாவுக்கு உலோக ஊசிக்குப் பதிலாகக் காந்தப் பொத்தான் அல்லது தைத்த வகை இருந்தால் விமான நிலையச் சோதனையில் சிரமம் குறையும். தலைத்துணியைச் சோதிக்க வேண்டும் என்று அதிகாரிகள் சொன்னால், பெண் அதிகாரியை, தனியறையை மரியாதையாகக் கேட்கலாம்.

இனி, அந்த வீட்டில் உண்மையில் சண்டைக்குக் காரணமாக இருந்தது. பெரியவரின் மனைவி இளம் வயது முதல் முகத்தை மூடி வருபவர். பெட்டியில் நான்கு முகத்திரைகளை மடித்து வைத்திருந்தார். மகனோ "அம்மா, அங்கே பிடிச்சுடுவாங்க" என்று அவற்றை எடுத்து வெளியே போட்டிருக்கிறான். அவர் திரும்ப வைத்திருக்கிறார்.

சட்டம் என்ன என்பதை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுவோம். பொது இடங்களில் முகத்தை மறைப்பதைத் தடைசெய்யும் சட்டம் பிரான்சில் 2010 அக்டோபரில் இயற்றப்பட்டு, 2011 ஏப்ரல் 11 முதல் நடப்பில் இருக்கிறது. தெரு, கடை, பேருந்து, பூங்கா எல்லாம் இதில் அடக்கம். அபராதம் 150 யூரோ வரை. சுற்றுலாப் பயணிக்கு விலக்கில்லை. ஒரு பெண்ணைக் கட்டாயப்படுத்தி முகத்தை மூட வைப்பவருக்குத் தண்டனை இதைவிடப் பல மடங்கு கடுமை. 2014 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் இந்தச் சட்டம் நிற்கும் என்று தீர்ப்பளித்துவிட்டது. பெல்ஜியம், ஆஸ்திரியா, டென்மார்க் ஆகிய நாடுகளிலும் இதே போன்ற தடை உண்டு. நெதர்லாந்தில் பொதுப் போக்குவரத்து, பள்ளி, மருத்துவமனை, அரசுக் கட்டடம் ஆகியவற்றில் தடை. இந்தச் சட்டம் நியாயமானதா என்றால் நமக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் விசா வாங்கிப் போகிறவர் அந்த நாட்டுச் சட்டத்துக்கு உட்படுவதாக ஒப்புக்கொண்டே போகிறார். தலையை மறைக்கும் துணிக்குத் தெருவில் எந்தத் தடையும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பள்ளி மாணவியருக்கான 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் இதையும் குழப்பிக்கொண்டு, மக்கனாவே கூடாது என்று பயமுறுத்துபவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள்.

"மருத்துவ முகக்கவசம் போட்டுக்கிட்டா?" என்று மகன் கேட்டான். உடல்நலக் காரணத்துக்குச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது, சளி பிடித்தால் போடட்டும். அதையே ஒரு தந்திரமாக்கி இரண்டு மாதம் ஓட்டலாம் என்று நாம் சொல்ல மாட்டோம்.

திரைக்குப் பின்னால் இருந்து அந்த அம்மா கேட்டார்: "ஹஜ்ரத், நான் முகம் திறந்து போனா பாவமா?" முகம் மறைப்பது கடமையா இல்லையா என்பதில் நம் மத்ஹபு அறிஞர்களிடையேயே இரண்டு கருத்துகள் இருக்கின்றன. அந்த அம்மா கடைப்பிடித்து வந்தது கடுமையான கருத்தை. மற்றக் கருத்தும் வழிகேடு அல்ல, தக்க தேவை வரும்போது அதன்படி நடக்க இடமுண்டு. வெறுமனே ஐஃபிள் கோபுரம் பார்க்க என்றால், மனம் ஒப்பாத ஒருவர் முகத்திரைக்குத் தடையில்லாத லண்டன் பக்கம் போகலாம் (அதற்குத் தனி விசா) அல்லது போகாமலே இருக்கலாம், யாரும் குறை சொல்ல முடியாது. தலைப்பிரசவத்துக்கு மகள் தாயைத் தேடுவது அப்படிப்பட்டதல்ல. இதைச் சொல்லிவிட்டு, முடிவு உங்களுடையது, மகனுடையதும் அல்ல, எங்களுடையதும் அல்ல என்றோம். சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, "மூணை எடுத்துடறேன். ஒண்ணு இருக்கட்டும். சென்னையில் விமானம் ஏறுற வரைக்கும், திரும்பி வந்து இறங்கும்போதும் போட்டுக்க" என்றார். அன்று அந்த வீட்டில் சரியாகப் பெட்டி கட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்று நமக்குத் தோன்றியது.

தொழுகைக்கான பை

மெல்லிய நைலான் தொழுகை விரிப்பு ஒன்று, உள்ளங்கையளவு மடிவது, கடைகளில் கிடைக்கிறது. திசைகாட்டி தொலைபேசியில் இருக்கும், ஆனாலும் மனதைப் பழக்கிக்கொள்ளுங்கள். நமக்குக் கிப்லா மேற்கு, சற்று வடக்கே சாய்ந்து. பாரிஸில் தென்கிழக்கு. நாற்பது ஆண்டுகளாகச் சூரியன் மறையும் பக்கம் நின்றவருக்கு இது முதலில் தடுமாற்றமாகவே இருக்கும்.

அதைவிடப் பெரிய தடுமாற்றம் நேரம். டிசம்பர் நடுவில் பாரிஸில் சூரியன் உதிப்பது காலை எட்டரை மணிக்கும் மேலே. மறைவது ஐந்து மணிக்குள். லுஹர் பன்னிரண்டே முக்கால் அளவில் தொடங்கினால், அஸரும் மஃக்ரிபும் நாலு மணி நேரத்துக்குள் வரிசையாக வந்துவிடும். ஊர் சுற்றும் நேரமும் அதேதான். "ரூமுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்று கிளம்புகிறவருக்கு இரண்டு வக்து கைநழுவும். ஜூனில் போகிறவர்களுக்கு நிலைமை தலைகீழ்: மஃக்ரிபே இரவு பத்து மணி அளவில், இஷா நள்ளிரவை ஒட்டி. அங்குள்ள நாள்காட்டிகளில் ஸுப்ஹு, இஷா நேரங்கள் ஒன்றுக்கொன்று மாறுபடும். தங்கும் இடத்துக்கு அருகில் உள்ள பள்ளிவாசலின் அட்டவணையை எடுத்துக்கொள்வது குழப்பத்தைத் தவிர்க்கும்.

சுருக்கித் தொழுவது பற்றிப் பயணத் திட்டம் போடும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஷாஃபிஈ மத்ஹபில், போய்ச் சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக ஓர் ஊரில் நான்கு நாள் தங்க நிய்யத் வைத்தால் அங்கே முழுமையாகத் தொழ வேண்டும். ஹனஃபியில் பதினைந்து நாள். ஆக மூன்று நாள் பாரிஸ், இரண்டு நாள் பிரஸ்ஸல்ஸ் என்று சுற்றுகிறவர் கஸ்ர் செய்யலாம். ஷாஃபிஈ ஆனால் லுஹரையும் அஸரையும், மஃக்ரிபையும் இஷாவையும் சேர்த்தும் தொழலாம். ஹனஃபிகளுக்கு அந்தச் சேர்ப்பு இல்லை, லுஹரைக் கடைசியிலும் அஸரை முதலிலுமாக வைத்துக்கொள்ளலாம். நம் பெரியவர் மகள் வீட்டில் இரண்டு மாதம் தங்குபவர், அவர் அங்கே முகீம்தான். சலுகை வழிப்பயணத்துக்கு மட்டும்.

எங்கே தொழுவது? பாரிஸில் தெருவில் தொழுவதற்கு 2011 செப்டம்பர் முதல் தடை இருக்கிறது. கூட்டம் நிற்கும் சதுக்கத்தில் விரிப்பைப் போட்டுப் படம் எடுத்துப் போடும் இளைஞர்களுக்காக இதைச் சொல்கிறோம். சார்ல் தெ கோல் விமான நிலையத்தில் வழிபாட்டு அறைகள் உண்டு. நகருக்குள் பாரிஸ் பெரிய பள்ளிவாசல் இருக்கிறது. முதல் உலகப் போரில் பிரான்சுக்காக உயிர்விட்ட முஸ்லிம் வீரர்களின் நினைவாக எழுப்பப்பட்டு, 1926 ஜூலை 15 அன்று திறக்கப்பட்டது. மினாரா 33 மீட்டர் உயரம். எதிரிலேயே தாவரவியல் பூங்கா. சற்று தூரம் நடந்தால் செய்ன் நதிக்கரையில் அரபு உலக நிறுவனம். இந்த மூன்றையும் ஒரே நாளில் வைத்துக்கொண்டால் லுஹர், அஸர் இரண்டும் ஜமாஅத்தோடு கிடைக்கும். லூவ்ர் அருங்காட்சியகத்தில் இஸ்லாமியக் கலைக்கென்று 2012-இல் திறந்த தனிப் பிரிவு உண்டு, செவ்வாய்க்கிழமை விடுமுறை. அங்கே 55-க்கு 35-க்கு 20 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பையை உள்ளே விட மாட்டார்கள். எனவே சுற்றும் நாளுக்கென்று சின்னத் தோள்பை ஒன்று தனியாக வேண்டும். அதை மெட்ரோவில் நெஞ்சுப் பக்கம் போட்டுக்கொள்ளுங்கள், ஜேப்படிக்காரர்கள் அதிகம்.

சொல்லக் கூச்சப்படும் ஒரு விஷயம். அங்கே கழிப்பறையில் காகிதம்தான். அழுத்திப் பீய்ச்சும் சிறு பிளாஸ்டிக் புட்டி ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். விமானச் சோதனையைக் காலியாகக் கடந்து உள்ளே நிரப்பலாம். தங்குமிடத்துக்கு ஒரு மக். ஆனால் குளியலறைத் தரையில் தண்ணீர் வடியத் துளை பெரும்பாலும் இராது. நம் வழக்கப்படி வாளியைக் கவிழ்த்தால் கீழ்வீட்டுக்காரர் தலையில் சொட்டும். தொட்டிக்குள் நின்றே குளிக்க வேண்டும்.

மசாலாப் பெட்டி

இதுதான் நம்மவர்கள் அதிகம் சிக்கிக்கொள்ளும் இடம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டுப் பயணி இறைச்சியோ பால் பொருளோ கொண்டுபோகக் கூடாது. உப்புக்கண்டம், பொரித்த இறைச்சி, நெய், பன்னீர், பால்கோவா எல்லாம் போயிற்று. குழந்தைக்கான பால்மாவுக்கு மட்டும் 2 கிலோ வரை நிபந்தனையோடு விலக்கு. பச்சைக் காய்கனிகளுக்குத் தாவர நலச் சான்று கேட்பார்கள். கறிவேப்பிலை, மாங்காய், எலுமிச்சை இதில் மாட்டும். வாழை, தேங்காய், பேரீச்சை, அன்னாசி, துரியன் ஆகிய ஐந்துக்கு மட்டும் சான்று தேவையில்லை. கொப்பரைத் தேங்காயை விமான நிறுவனங்களே எளிதில் தீப்பற்றும் பொருள் என்று ஏற்றுவதில்லை. பிஸ்கட்டும் ஊறுகாயும் தடையில்லை. வேடிக்கை என்னவென்றால் மீனுக்கு இந்தத் தடை இல்லை, சொந்த உபயோகத்துக்கு 20 கிலோ வரை போகும், கருவாடும் சேர்த்து. விதி விடுகிறது என்பதற்காக மரக்காணத்துக் கருவாட்டைத் துணிமணியோடு சேர்த்துக் கட்டிவிடாதீர்கள்.

பெரியவர் வீட்டில் பிரசவ லேகியம் ஒரு பெரிய டப்பா கிண்டி வைத்திருந்தார்கள், நெய் மிதக்க. அதைத்தான் மாற்றச் சொன்னோம். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் எல்லாவற்றையும் காய்ந்த பொடியாக்கித் தனித்தனியாக எடுத்துப் போங்கள். அங்கே கடையில் நல்ல வெண்ணெய் கிடைக்கிறது, உருக்கி மகள் வீட்டு அடுப்பிலேயே கிண்டிக்கொள்ளலாம். வீட்டில் அரைத்த எந்தப் பொடியானாலும் பொட்டலத்தின் மேல் பெயரை ஆங்கிலத்தில் எழுதி ஒட்டுங்கள்.

பிறகு கசகசா. இதை அடிக்கோடிட்டு வாசிக்கவும். நம்மவர்களில் பலர் துபாய், அபுதாபி, தோஹா வழியாகத்தான் ஐரோப்பா போகிறார்கள். அமீரகத்திலும் வேறு சில வளைகுடா நாடுகளிலும் கசகசா போதைப்பொருளாகக் கருதப்பட்டு முற்றாகத் தடைசெய்யப்பட்டது. குருமாவுக்கு என்று அரைத்துச் சேர்த்த மசாலாவிலும் இருக்கக் கூடாது. கோடீன், டிராமடால் கலந்த மாத்திரைகளுக்கும் அங்கே கெடுபிடி உண்டு.

இதில் நம் அனுபவம் ஒன்று. பல ஆண்டுகளுக்கு முன் முதன்முறை வெளிநாடு போனபோது, தெரிந்தவர் ஒருவர் "மகனுக்குக் கொஞ்சம் சாமான்" என்று பொட்டலம் கொடுத்தார். அமானிதம் ஆயிற்றே என்று பிரித்துப் பார்க்காமல் வாங்கி வைத்தோம். வளைகுடா விமான நிலையம் ஒன்றில் பெட்டியைத் திறந்த அதிகாரி அதிலிருந்து எடுத்தது அரைக் கிலோ கசகசா. நான்கு மணி நேரம் ஓர் அறையில் உட்கார்ந்திருந்தோம். தாடியும் ஜிப்பாவும் அங்கே நமக்கு எந்தச் சிபாரிசும் செய்யவில்லை. அரபியில் விளக்கம் சொல்ல முடிந்ததாலும், அந்த அதிகாரி நல்ல மனிதராக இருந்ததாலும், பொருளைப் பறிமுதல் செய்து எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள், அல்ஹம்துலில்லாஹ். கொடுத்தவர் மேல் குற்றமில்லை, அவருக்கும் தெரியாது. அன்று முதல் யார் பொட்டலம் தந்தாலும் அவர் கண்ணெதிரே பிரித்துப் பார்த்துத்தான் வாங்குகிறோம். பிரிக்கக் கூடாது என்பவரிடம் வாங்குவதில்லை. பெரியவர் வீட்டுக் கூடத்தில் அப்படிப் பதினோரு பொட்டலங்கள் இருந்தன. பிரித்ததில் ஏழு திரும்பிப் போயின. அதில் இரண்டு வீட்டாருக்கு இன்னும் நம்மேல் கோபம்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை பாரிஸில் ஹலால் தேடி அலைய வேண்டியதில்லை, பல பகுதிகளில் ஹலால் இறைச்சிக் கடைகள் உண்டு. அறுப்பவர்களுக்கு அனுமதி வழங்கும் அதிகாரம் பாரிஸ், லியோன், எவ்ரி ஆகிய மூன்று பெரிய பள்ளிவாசல்களுக்கு இருக்கிறது. கடையில் கேட்க நான்கு சொல் போதும்: போர் என்றால் பன்றி, ஜாம்போன் அதன் தொடை, லார்தோன் அதன் துண்டுகள், வேன் என்றால் மது. எழுத்துகளை மருமகனிடம் கேட்டு ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் முஸ்லிம் உணவுக்கு 24 மணி நேரத்துக்கு முன்பே பதிய வேண்டும்.

கைப்பையில்

பெட்டி தொலைந்தாலும் தொலையக்கூடாதவை கைப்பையில். பாஸ்போர்ட், ஊர் திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். ஷெங்கன் விசாவுக்குக் கட்டாயமான, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீட்டுத் தாள். திரும்பும் டிக்கெட். உறவினர் வீட்டில் தங்குகிறவர் என்றால், அவர் தம் ஊர் நகராட்சியில் (புதுச்சேரிக்காரர்கள் 'மேரி' என்பார்களே, அதே மேரி) வாங்கி அனுப்பிய வரவேற்புச் சான்றின் அசல், நகல் போதாது. 2025 அக்டோபர் 12 முதல் அங்கே எல்லையில் கைரேகையும் முகப்படமும் பதியும் முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். முகம் காட்ட வேண்டிய இடம் அது என்பதைப் பெண்களுக்கு முன்னரே சொல்லிவையுங்கள்.

இன்சுலின் கைப்பையில்தான், சரக்கறைக் குளிரில் உறைந்து கெடும். மருந்துப் பட்டைகளைப் பிரிக்காமல், மூலப்பெயர் எழுதிய மருத்துவர் சீட்டோடு. குளிர்காலத்தில் பிரான்ஸ் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால், மாத்திரை நேரத்தை மருத்துவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பவர்பேங்க் கைப்பையில் மட்டும். அத்தர் போன்ற திரவங்கள் 100 மில்லிக்கு மேற்படாத புட்டியில். மின்னழுத்தம் நம்முடையதேதான், ஆனால் நம் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது, மாற்றுப் பிளக் ஒன்று வேண்டும். மெல்லிய இரண்டு முள் தொலைபேசிச் சார்ஜர் நேரடியாகப் பொருந்தும். நகை வேண்டாம். போட்டே தீருவோம் என்பவர்கள் புறப்படும்போதே இங்குள்ள சுங்கத்தில் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொண்டால், திரும்பும்போது தீர்வை கேட்க மாட்டார்கள்.

புறப்படுவதற்கு முந்தைய நாள் பெட்டிகளை உப்பு மூட்டை நிறுக்கும் தராசிலேயே வைத்து நிறுத்தார்கள். மூன்று இரண்டாகி, ஆளுக்கு 23 கிலோவுக்குள் நின்றது. கிட்டத்தட்ட ஒரு கிலோ இடம் மிச்சம். பெரியவர் தயங்கிக்கொண்டே ஒரு துணிப்பையை நீட்டினார். "நம்ம பாத்தி உப்பு, ஹஜ்ரத். பேரப்பிள்ளை வாயில் முதல்ல வைக்கணும்னு. விடுவாங்களா?"

உப்புக்குத் தடையில்லை. ஆனால் துணிப்பையில் பெயரில்லாத வெள்ளைத்தூள் எந்தச் சுங்க அதிகாரிக்கும் வேறொன்றாகத்தான் தெரியும். கடையில் விற்கும் முத்திரையிட்ட பொட்டலம் போல உருக்கி ஒட்டி, மேலே 'கடல் உப்பு, மரக்காணம்' என்று ஆங்கிலத்தில் எழுதச் சொன்னோம். பிறந்த குழந்தைக்கு உப்பு ஆகாது, சிறுநீரகம் தாங்காது, அது மகள் சமையலுக்கு இருக்கட்டும் என்றும் சொன்னோம். கூடவே, பிரான்சின் மேற்குக் கடற்கரையில் கெராந்த் என்ற ஊரில் இதே போல வெயிலில் பாத்தி கட்டிக் கையால் வாரும் உப்பளங்கள் இருக்கின்றன, பாரிஸிலிருந்து ரயிலில் போகலாம் என்று தெரிவித்தோம். அதுவரை ஐஃபிள் கோபுரத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காதவர், அங்கே பாத்திக்கு எத்தனை அடி அகலம், கூலி எவ்வளவு என்று கேட்கத் தொடங்கினார். நமக்குத் தெரியவில்லை. போய்ப் பார்த்துவிட்டு நீங்கள்தான் எங்களுக்குச் சொல்ல வேண்டும் என்றோம். பெட்டியின் ஓரத்தில் அளவுநாடா ஒன்றைச் செருகிக்கொண்டார்.